பைராக் ‘பிக்’ நிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி: சிறு நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

உயிரித் தொழில்நுட்பம், மருத்துவக் கருவி, வேளாண்மை, கால்நடை ஆகிய துறைகளில் ஒரு புதிய யோசனையைச் செய்துபார்க்கச் சின்ன நிறுவனத்துக்கு மத்திய அரசு தரும் நிதிகளில் முக்கியமானது ‘பிக்’, அதாவது பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்ட். உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் 2012இல் தொடங்கிய பைராக் நிறுவனம் இதைத் தருகிறது. அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய், 18 மாதம் வரை. இது மானியம், கடன் அல்ல, பங்கும் கேட்பதில்லை.

நானும் விண்ணப்பித்து, பணம் வாங்கி, கணக்கு முடித்தவன். இப்போது புதியவர்களின் விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்கிறேன். பெரும்பாலானோர் பைராக்கின் இணையப் போர்ட்டலைத் திறந்து, முதல் கட்டத்திலிருந்து நிரப்ப ஆரம்பிக்கிறார்கள். வேலையின் சரியான வரிசை வேறு. படிவம் அதில் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வரும். கீழே உள்ளது அந்த வரிசைதான். விளக்கத்துக்கு ஒரே கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: பசுவின் மடிநோயை வெளியே தெரியும் முன்பே, மாட்டுக்கொட்டகையிலேயே கண்டுபிடிக்கும் ஒரு சின்னக் கருவி.

## 1. இது உங்களுக்கான பணமா என்று முதலில் பாருங்கள்

‘பிக்’ என்பது “இது வேலை செய்யுமா?” என்ற கேள்விக்கு விடை காணத் தரப்படும் பணம். தொழில் நடத்தவோ, விற்பனையைப் பெருக்கவோ, இயந்திரம் வாங்கி உற்பத்தியைக் கூட்டவோ அல்ல. உங்கள் கருவி ஏற்கெனவே இருபது பண்ணைகளில் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். அதே பைராக்கின் எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. போன்ற அடுத்த கட்டத் திட்டங்களைப் பாருங்கள்.

துறை பொருந்தாவிட்டாலும் வீணாக முயல வேண்டாம். உயிரியல் சம்பந்தமில்லாத மின்னணு அல்லது இயந்திர மாதிரி என்றால், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘நிதி பிரயாஸ்’ பொருத்தம். அதில் 10 லட்சம் வரை கிடைக்கும். ராணுவத்துக்குப் பயன்படும் பொருள் என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘ஐடெக்ஸ்’. அங்கே உங்கள் பங்காகவும் பணம் போட வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசின் ‘டான்சீட்’ 10 லட்சம் தருகிறது. பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புறம், பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு 15 லட்சம். ஆனால் அது தொழிலைத் தொடங்கும் விதைப்பணம். ஆராய்ச்சிக் கேள்வியோடு அங்கே போனால், “வாடிக்கையாளர் எங்கே?” என்பார்கள்.

தகுதி விதிகளில் மூன்றைச் சரிபார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். நிறுவனம் தொடங்கி ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். பங்குகளில் குறைந்தது 51 விழுக்காடு இந்தியக் குடிமக்களிடம் இருக்க வேண்டும். சொந்தமாக இயங்கும் ஆய்வகம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதாவது இன்குபேட்டரில், அதாவது புதிய நிறுவனங்களுக்கு இடமும் ஆய்வக வசதியும் தந்து வளர்க்கும் அமைப்பில், இடம் இருக்க வேண்டும். நிறுவனமே இல்லாத தனிநபரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அவருக்கு இன்குபேட்டர் கட்டாயம். ஒவ்வொரு விண்ணப்ப அழைப்புக்கும் விதிகளில் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். போன வருடம் விண்ணப்பித்த நண்பர் சொன்னதை நம்பாமல், அந்தந்த அழைப்பின் வழிகாட்டுக் குறிப்பை இறக்கிப் படியுங்கள்.

## 2. நேரம் பிடிக்கும் காகிதங்களை முதலில் கிளப்புங்கள்

அழைப்பு பொதுவாக ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் திறந்து, ஏறக்குறைய ஒன்றரை மாதம் திறந்திருக்கும். அது போதுமான காலம் என்று தோன்றும். போதாது, ஏனென்றால் கீழே உள்ளவை உங்கள் கையில் இல்லை. அடுத்தவர் கையெழுத்தில் இருக்கின்றன.

இன்குபேட்டர் ஒப்பந்தம்: வேலூர் வி.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., சென்னை ஐ.ஐ.டி. என்று பல இடங்களில் இன்குபேட்டர்கள் இருக்கின்றன. சிறுசேரியில் பெண் தொழில்முனைவோருக்கான பொன்விழா பயோடெக் பூங்கா இருக்கிறது. எங்கே போனாலும் அவர்களுக்கும் ஒரு தேர்வுக்குழு, அதற்கொரு கூட்டம், அப்புறம்தான் கடிதம். கடைசி வாரத்தில் போய் நின்றால் “அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கிறோம்” என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

தடையின்மைச் சான்று: கல்லூரியிலோ கம்பெனியிலோ வேலையில் இருந்துகொண்டு விண்ணப்பித்தால் இது வேண்டும். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. உங்கள் யோசனை முனைவர் பட்ட ஆய்வில் பிறந்ததா? அப்படியானால் அதன் உரிமை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு. அவர்களிடம் உரிமமோ எழுத்துப்பூர்வ ஒப்புதலோ இல்லாமல் போனால், நேர்காணலில் வரும் முதல் கேள்வியிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கூட்டாளிக் கடிதம்: மருத்துவமனை, கால்நடைப் பல்கலைக்கழகம், பால் கூட்டுறவுச் சங்கம் என யாரிடமிருந்து மாதிரிகள் வருமோ அவரிடமிருந்து வேண்டும். “வாழ்த்துகிறோம், ஆதரவு தருவோம்” என்ற கடிதம் எதற்கும் உதவாது. “மாதம் இத்தனை பால் மாதிரி தருவோம், செல் எண்ணிக்கைச் சோதனையை எங்கள் ஆய்வகத்தில் செய்து தருவோம்” என்று இருக்க வேண்டும். வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்; எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இவற்றோடு, இலவசமாகக் கிடைக்கும் உத்யம் பதிவையும் (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு), மத்திய தொழில் ஊக்குவிப்புத் துறையான டி.பி.ஐ.ஐ.டி. தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்தையும் வாங்கி வையுங்கள். அடுத்தடுத்த திட்டங்களுக்கும், காப்புரிமைக் கட்டணச் சலுகைக்கும் பயன்படும்.

## 3. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“கால்நடை நலத்தில் புரட்சி செய்யும் செயற்கை நுண்ணறிவு மேடை.” இப்படித் தொடங்கும் விண்ணப்பங்களைப் படித்துப் படித்து எனக்குக் கண் பூத்துவிட்டது. படிப்பவர் துறை நிபுணர். அவருக்குப் புரட்சி வேண்டாம், சோதிக்கக்கூடிய கூற்று வேண்டும்.

அதே யோசனையை இப்படி எழுதலாம்: “பாலில் ஒரு மில்லிக்கு 2 லட்சம் உடற்செல்களுக்கு மேல் இருப்பதை, ஆய்வகம் இல்லாமல், கறவையின்போதே பத்து நிமிடத்துக்குள் எங்கள் கருவியின் சோதனைப் பட்டை காட்டுமா?” வெளியே தெரியாத மடிநோயைக் குறிக்க அந்த 2 லட்சம் என்ற எல்லைதான் பரவலாகப் பயன்படுகிறது. ஆக, கேள்வியில் அளவு இருக்கிறது, இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ பதில் சொல்லலாம்.

இந்த வாக்கியத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மைல்கல் (இடையிடையே எட்டிக் காட்ட வேண்டிய இலக்கு), பட்ஜெட், ஆட்கள், அனுமதி எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கும். இது தெளியாமல் பட்ஜெட் போட்டால், பணத்துக்கேற்ற வேலையைக் கற்பனை செய்யத் தொடங்கிவிடுவீர்கள். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

## 4. ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள், வாயைத் திறக்கும் முன் காப்புரிமை போடுங்கள்

“போட்டியே இல்லை” என்று எழுதாதீர்கள். மடிநோய்க்குக் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தட்டில் பாலை ஊற்றி, கரைசலைக் கலந்தால் கெட்டியாவதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். மலிவு, எளிது. இதை நீங்கள் குறிப்பிடாவிட்டால் உங்களுக்குத் தெரியாது என்று நினைப்பார்கள், குறிப்பிட்டால், “அதில் கெட்டியானதைக் கண்ணால் பார்த்து ஒருவர் மதிப்பிட வேண்டும், ஆளுக்கு ஆள் முடிவு மாறும். எங்களுடையது எண்ணாகக் காட்டும்” என்று உங்கள் இடத்தை நிறுவலாம். ஒப்பீட்டை ஒரு சின்ன அட்டவணையாகப் போடுங்கள்: விலை, நேரம், துல்லியம், யார் செய்ய முடியும். உங்கள் பொருள் தோற்கும் கட்டத்தையும் மறைக்காமல் நிரப்புங்கள். எல்லாக் கட்டத்திலும் ஜெயிக்கும் அட்டவணையை யாரும் நம்புவதில்லை.

காப்புரிமைத் தேடலை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலும், கூகுள் பேட்டன்ட்ஸிலும் செய்யலாம். புதுமை இருப்பதாகத் தோன்றினால் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். இணையவழியில் தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும்.

மாநாட்டிலோ, போட்டி மேடையிலோ, யூடியூப்பிலோ முழு விவரத்தையும் சொல்லிவிட்டு அதன் பிறகு காப்புரிமைக்குப் போனால், உங்கள் பேச்சே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். கல்லூரி ஹேக்கத்தானில் பரிசு வாங்கிய கையோடு வருபவர்களில் பலருக்கு இதுதான் சிக்கல்.

## 5. மைல்கற்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான். பணம் தவணை தவணையாக வரும். ஒரு மைல்கல்லைத் தொட்டதைக் காட்டினால்தான் அடுத்த தவணை. இப்போது நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு வருடம் கழித்து உங்களையே கேள்வி கேட்கும்.

பதினெட்டாம் மாதக் கடைசி நாளில் கையில் என்ன இருக்க வேண்டும்? உதாரணக் கருவிக்கு இப்படிச் சொல்லலாம்: “200 பசுக்களில் சோதித்து, ஆய்வகச் செல் எண்ணிக்கையோடு ஒப்பிட்டதில், நோயுள்ளவற்றில் 85 விழுக்காட்டுக்கு மேல் சரியாகப் பிடித்திருக்கிறது.” அதற்கு முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும்? ஒரே மாதிரியாக வேலை செய்யும் பத்துக் கருவிகளாவது தயாராகி, ஒரே பாலைப் பத்திலும் வைத்தால் ஒரே விடை வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால்? செல் எண்ணிக்கை தெரிந்த பாலில், பட்டையின் வேதியியல் 2 லட்சம் என்ற எல்லையைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆக மூன்று மைல்கற்கள், ஆறாறு மாதம். பின்னோக்கி வந்ததால் நடுவில் எதுவும் விட்டுப்போகவில்லை.

முன்னோக்கி எழுதுபவர்கள் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்றால், முதல் மூன்று மாதம் ‘ஆய்வுக்கட்டுரைகளைப் படித்தல்’ என்று போடுவார்கள். அது விண்ணப்பத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. அடுத்து ‘மாதிரி வடிவமைப்பு’, ‘மேம்படுத்துதல்’. மேம்பட்டதா இல்லையா என்று யார், எதை வைத்துச் சொல்வது? கடைசியில் பெரிய களச்சோதனைக்கு இரண்டு மாதம்தான் மிஞ்சும்.

எண் போடுவதிலும் நிதானம் வேண்டும். கவர்ச்சிக்காக ‘99 விழுக்காடு துல்லியம்’ என்று எழுதினால் 91 வந்தாலும் நீங்கள் தோற்றவர். அதற்காக 60 என்று எழுதினால், இருக்கும் சோதனையே இதைவிட மேல் என்பார்கள். ஏற்கெனவே உள்ள முறையைத் தாண்டுகிற, ஆனால் உங்கள் ஆரம்பத் தரவு தாங்குகிற எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஆரம்பத் தரவே இல்லையா? இருபது மாதிரிகளையாவது சமையலறை மேசையில் வைத்துச் செய்துபாருங்கள். சுமாரான ஒரு வரைபடம்கூட, ஐந்து பக்க விளக்கத்தைவிட அதிகம் பேசும்.

“நோயில்லாத பசுவை நோயுள்ளது என்று எத்தனை முறை சொல்லும்?” என்பதற்கும் இலக்கு வையுங்கள். தவறான எச்சரிக்கை வந்தால் விவசாயி தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போடுவார், பாலைக் கொட்டுவார். மதிப்பீட்டாளர்களில் கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தால் கட்டாயம் இதைக் கேட்பார். இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் எழுதுவது பரவலான பிழை.

ஒவ்வொரு மைல்கல்லுக்கும் கீழே, “இது நடக்காவிட்டால் என்ன செய்வோம்” என்று இரண்டு வரி சேருங்கள். ஆராய்ச்சி தோற்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். நீங்கள் அதை யோசித்திருக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

## 6. மைல்கல்லிலிருந்து பட்ஜெட்டை எடுங்கள்

பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மைல்கல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் போட முடியாத வரியை அடித்துவிடுங்கள். மொத்தம் 38 லட்சம் வந்தால் 38 லட்சமே கேளுங்கள். கச்சிதமாக 50 லட்சத்தில் முடியும் பட்ஜெட், கூட்டிப் பார்த்து வந்ததல்ல. உச்சவரம்பைப் பார்த்து வந்தது.

கருவி வாங்கும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். மொத்தமே முப்பது முறை பயன்படுத்தப்போகும் 12 லட்ச ரூபாய் இயந்திரத்தைக் கேட்டால் கேள்வி வரும். இன்குபேட்டரின் பொது ஆய்வகம், சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் சைஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி மையம் போன்ற இடங்களில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். வாங்கியே தீர வேண்டும் என்றால் மூன்று விலைப்புள்ளிகளை இப்போதே கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துத்தான் தொகை எழுத வேண்டும். 18 விழுக்காட்டை மறந்துவிட்டு, பிறகு கையிலிருந்து போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிறுவனருக்குச் சம்பளம் எடுக்கலாமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். குறிப்பில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். நிலம், கட்டடம், விளம்பரம் போன்றவற்றை எழுதவே வேண்டாம்.

## 7. அனுமதிகளைக் காலக்கெடுவுக்குள் வையுங்கள்

மனித மாதிரி என்றால் நெறிமுறைக் குழு, விலங்குச் சோதனை என்றால் அதற்கான நிறுவனக் குழு, மரபணு மாற்றிய உயிரி என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு. மருத்துவக் கருவியைச் சோதனைக்காகத் தயாரிக்க, 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி எம்.டி.-13 உரிமம் வேண்டியிருக்கும். எல்லாம் விண்ணப்பிக்கும்போதே கையில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் யாரிடம் வாங்குவீர்கள், எந்த மாதத்தில் என்பது திட்டத்தில் இருக்க வேண்டும். களச்சோதனையை ஏழாம் மாதம் என்று போட்டுவிட்டு அனுமதிக்கு இடமே விடாமல் இருந்தால், மொத்த அட்டவணையும் சரியும்.

## 8. இப்போது படிவம்

மேலே சொன்னதெல்லாம் ஒரு கோப்பில் இருந்தால், படிவம் நிரப்புவது எடுத்து ஒட்டும் வேலைதான். வேர்டில் எழுதி, எழுத்து வரம்பைச் சரிபார்த்து, பிறகு போர்ட்டலில் ஏற்றுங்கள்.

விண்ணப்பத்தில், பைராக்குக்காக இந்தத் திட்டத்தை நடத்தும் ‘பிக்’ பங்காளி நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெங்களூரு சி-கேம்ப், ஹைதராபாத் ஐ.கே.பி., புனே வென்ச்சர் சென்டர் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளவை. பக்கத்தில் இருக்கிறது என்பதைவிட, உங்கள் துறையில் யாருக்கு அனுபவம் என்று பாருங்கள். 18 மாதமும் உங்களை வழிநடத்தி, கண்காணிக்கப்போவது அவர்கள்தான். அழைப்பு திறந்திருக்கும் நாட்களில் அவர்கள் நடத்தும் விளக்கக் கூட்டங்களில் கலந்துகொள்ளுங்கள். சந்தேகங்களை அங்கேயே கேட்டுவிடலாம்.

இதே வேலைக்கு வேறு அரசு நிதி வாங்கியிருந்தாலோ கேட்டிருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. ‘பிரயாஸ்’ பணத்தில் மாதிரியை முடித்துவிட்டேன், இப்போது உயிரியல் சோதனைக்குக் கேட்கிறேன் என்றால் அது வேறு வேலை. அந்த எல்லையைத் தெளிவாக எழுதுங்கள்.

கடைசி நாள் மாலையில் போர்ட்டல் ஊர்ந்துதான் போகும். இரண்டு நாள் முன்னால் சமர்ப்பித்துவிடுங்கள். “கிராண்ட் வாங்கித் தருகிறேன், பத்து விழுக்காடு கொடுங்கள்” என்று வருபவரிடம் டீ குடித்துவிட்டு அனுப்பிவிடுங்கள். நேர்காணலில் அவர் உட்காரப்போவதில்லை.

## 9. நேர்காணல்

எழுத்து மதிப்பீட்டைத் தாண்டினால் நிபுணர் குழு முன் பேச வேண்டும். நேரம் குறைவு. சந்தை எவ்வளவு பெரியது என்று மூன்று ஸ்லைடு ஓட்டாதீர்கள். கேள்வி, ஆரம்பத் தரவு, மைல்கல், ஒப்பீடு, ஆட்கள் என்ற வரிசையில் போங்கள். தொழில்நுட்பக் கேள்விக்கு ஆலோசகரைக் கைகாட்டினால், “அப்புறம் நீங்கள் எதற்கு?” என்ற எண்ணம் வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றும் சொன்னால் மதிப்பெண் குறைவதில்லை. ஆங்கிலத்தில் தடுமாறுவதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சுற்றி வளைத்துப் பேசினால் எரிச்சலாகிவிடுவார்கள்.

## 10. தேர்வான பிறகு

தேர்வுச் செய்திக்கும் முதல் தவணைக்கும் இடையே ஆவணச் சரிபார்ப்பு, ஒப்பந்தம் என்று மாதங்கள் போகும். செய்தி வந்த அன்றே ஆள் எடுக்காதீர்கள். அனுமதித் தேதிக்கு முந்தைய செலவைக் கணக்கில் காட்ட முடியாது.

தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அந்தக் கணக்கிலிருந்து வேறெந்தச் செலவும் போகக்கூடாது, இரண்டே நாளில் திருப்பிப் போட்டுவிடலாம் என்றாலும்கூட. அதில் சேரும் வட்டியும் அரசுப் பணம்தான். கணக்கில் காட்ட வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் செலவு அறிக்கையும், பட்டயக் கணக்காளர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். முதல் மாதமே ஆடிட்டரிடம் படிவ மாதிரியைக் காட்டிவிட்டால், வருடக் கடைசியில் பில் தேடி அலைய வேண்டாம்.

ஒரு தலைப்பின் பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். வேதிப்பொருளில் மிச்சம், ஆள் சம்பளத்தில் பற்றாக்குறை என்றால் முதலில் மின்னஞ்சல், பிறகுதான் செலவு. காரணம் நியாயமாக இருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்; செலவழித்துவிட்டுச் சொன்னால் அந்தத் தொகையை ஏற்க மறுக்கலாம்.

இறக்குமதி ஆகும் வேதிப்பொருட்களை மைல்கல்லுக்கு வெகு முன்பே ஆர்டர் செய்யுங்கள். குளிரில் வைக்க வேண்டிய பொருள் சுங்கத்தில் தங்கிவிட்டால் பணமும் போகும், மாதமும் போகும். கடைசித் தவணை பெரும்பாலும் இறுதி அறிக்கைக்குப் பிறகுதான் வரும் என்பதால், அந்தச் சில மாதச் செலவுக்குக் கையில் கொஞ்சம் சொந்தப் பணம் வேண்டும்.

## 11. கிடைக்காவிட்டால்

மதிப்பீட்டாளர் கருத்துகள் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். “தரவு போதவில்லை”, “ஒப்பீடு இல்லை” என்பவை அடுத்த அழைப்புக்குள் சரிசெய்யக்கூடியவை. “இருக்கும் சோதனையே போதுமே” என்று ஒன்றுக்கு மேற்பட்டவர் சொன்னால், பிரச்சினை எழுத்தில் இல்லை. மூன்றாம் படியின் வாக்கியத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

மறுபடி போடும்போது, போன முறை சொன்னதையும் அதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு வரி மாற்றாமல் அதே விண்ணப்பத்தை அடுத்த அழைப்பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். பழைய விண்ணப்பம் பதிவில் இருக்கும்.